நாற்பத்தொன்றாம் வரி

செய்தி ஒரு சாவியைத் தேடிக்கொண்டு வந்தது.

காலை ஏழரை இருக்கும். வேலைக்காக வார நாட்களில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு விடுதியில் தங்குகிறேன். ஊரில் நூலகத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நசீர் பாய் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாப்பா, நூலகத்து சாவி உன்னாண்ட கீதா?"

"இல்ல பாய். அக்காகிட்டதான் இருக்கும்."

"அக்கா இல்லம்மா."

"எங்க போயிருக்காங்க?"

கடையில் யாரோ பால் பாக்கெட் கேட்கும் சத்தம். பிறகு யாரோ அழும் சத்தம். அழுவது பாய்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

இல்லை என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு தூரங்கள் உண்டு. நான் பக்கத்துத் தூரத்தில் நின்று கேட்டுவிட்டேன். எங்கே போயிருக்கிறார் என்று.

சாவி தேவைப்பட்டது நாற்காலிகளுக்காக. நூலகத்தில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டும். சாவி கடைசியில் அக்காவின் இடுப்பிலேயே இருந்தது. எடுத்தவர் அவர் கணவர்.

எஸ்தர் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில், எங்கள் ஊரின் பகுதி நேர நூலகத்தை ஒன்பது வருடங்கள் திறந்து மூடியவர். மாலை நான்கிலிருந்து ஏழு வரை. தினக்கூலி. அதற்கு முன்னும் பின்னுமான நேரத்தில், பருவத்துக்கு ஏற்றபடி, நடவு அல்லது களை. நாற்பத்தாறு வயது. விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆட்டோ வந்திருக்கிறது. ஏறியிருக்கிறார். இறங்கவில்லை.

ஓர் அறை. அதற்குள் இரண்டு மர அலமாரி, மூன்று இரும்பு அலமாரி. பஞ்சாயத்து எப்போதோ தொலைக்காட்சிப் பெட்டி வைப்பதற்காகக் கட்டியது. பெட்டி போய் வெகுகாலம் ஆகிறது. ஊர்க்காரர்கள் இன்னமும் டிவி ரூம் என்றுதான் சொல்வார்கள். அக்கா கோபித்துக்கொண்டதில்லை. "இன்னா பேர் சொல்லி வந்தா இன்னா, உள்ள வந்தா சரி" என்பார்.

நான் எம்.ஏ. முடித்து ஊருக்குத் திரும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் அங்கே போய் உட்கார ஆரம்பித்த நாட்கள் அவை. என் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எம்.ஏ. என்றுதான் கூப்பிடுவார். இன்னா எம்.ஏ., சாப்டியா. எம்.ஏ., அந்த ஃபேன நிறுத்து. அந்தப் பட்டத்தை வேறு யாரும் அவ்வளவு உபயோகப்படுத்தவில்லை.

ஒரு நாள் நான்கு மணி வெயில். நூறு நாள் வேலை முடிந்து மூன்று பெண்கள் நூலகச் சுவரின் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். மண்வெட்டி, கூடை, தலையில் துண்டு. அக்கா உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள்.

"நாங்க எதுக்கும்மா உள்ள. படிச்சவங்க குந்துற எடம்."

பேசியவர் பவுனம்மா. காலனியில் அக்காவுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர்.

"பவுனம்மா, வூட்டு வரி கட்னியா?"

பவுனம்மாவின் முகம் மாறியது. "கட்டிட்டேனே. போன மாசமே."

"ரசீது வெச்சிகினு கீறியா?"

"கீதே."

"போய் எட்துகினு வா."

என்ன குற்றமோ என்று பயந்து ஓடினார். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா ரசீதை வாங்கி, ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னா போட்டு கீது தெரியுமா? நூலக வரி. இந்த ஃபேனு, இந்த பேப்பரு, இந்த நாற்காலி, எல்லாத்துக்கும் நீ கட்டிட்ட. கட்டிட்டு வெளிய நின்னா யாருக்கு நஷ்டம்?"

பவுனம்மா ரசீதைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் மாலை மீண்டும் வந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் ரசீதைப் போட்டுக்கொண்டு. வாசலில் நின்று அதை நீட்டினார், பஸ்ஸில் பாஸைக் காட்டுவது மாதிரி. அடுத்த வாரம் ஐந்தாறு பெண்கள் அப்படி வந்தார்கள். ரசீது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று காலனி முழுக்கப் பேச்சாகியிருந்தது. அக்கா ஒவ்வொரு ரசீதையும் வாங்கிப் பார்த்து, சரி, உள்ள போ, என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன்.

"அவங்க பாஸ் இல்லாம எந்த ஆபீஸுக்கும் போனதில்ல எம்.ஏ. இது அவங்க கையில கீற பாஸு. இருந்துட்டு போவட்டும்."

அவர் புத்தகத்தை மேசையில் வைத்துக் கொடுத்ததில்லை. கையில்தான் கொடுப்பார். வாங்குகிறவர் போனில் பேசிக்கொண்டிருந்தால், பேசி முடிக்கும்வரை புத்தகத்தை நீட்டியபடி நிற்பார். புத்தகத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். அதைப் பற்றி ஏதோ பெரிதாகச் சொல்லவும் செய்தேன். அக்கா பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

காரணத்தைப் பின்னாளில் சொன்னவர் நசீர் பாய். அக்கா வேலைக்கு வந்த முதல் மாதத்தில், ஊர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் அவர் கையிலிருந்து புத்தகம் வாங்க மாட்டார்களாம். மேசையில வெய்யி, எடுத்துக்கறேன். காலனிக்காரி கை. ஒரு மாதம் வைத்திருக்கிறார். பிறகு ஒரு நாள் வைக்கவில்லை. நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். எதிரே நின்றவர் புத்தகம் வேண்டாம் என்று போய்விட்டார். இன்னும் சிலர் போனார்கள். "மூணு மாசம் கழிச்சி அதே ஆளு வந்தான் பாப்பா. பொண்ணுக்குப் பரீட்சை. கைட் வேணும். நான் கடையிலேருந்து பாத்துகினே கீறேன். கைய நீட்டி வாங்கினான்."

இதை அக்கா என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அதைப் பற்றியும் ஏதாவது பெரிதாகப் பேசியிருப்பேன்.

போன மழைக்காலத்துக்கு முந்தியதில் கூரை விழுந்தது. முழுக் கூரை இல்லை. மேல்தளத்தின் காரை, ஒரு கட்டில் அளவுக்கு, பத்திரிகை மேசையின் மேல். வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை நாள், யாரும் இல்லை. யாரோ வந்தார்கள், படமெடுத்தார்கள், கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். கட்டடம் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல. அரசு நிதி ஒதுக்கிப் புதுக் கட்டடம் வந்தால் நூலகம் இங்கே இருக்கும். வராவிட்டால் புத்தகங்களை உத்திரமேரூர் கிளை நூலகத்துக்கு எடுத்துப் போவார்கள். இதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பவுனம்மா உத்திரமேரூருக்கு பஸ் ஏறிப் போய் ஃபேனுக்கு அடியில் உட்கார மாட்டார். எல்லோருக்கும் தெரியும். தாள் ஒட்டிய அந்தக் கதவை அக்கா தினமும் நான்கு மணிக்குத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

அக்கா விழுந்த காரையைக் கூடையில் அள்ளிக்கொண்டே சொன்னார்: "உத்திரமேரூர் கோயில்ல ஆயிரம் வருசம் முன்ன செவுத்துல வெட்டின எழுத்து இன்னும் கீது. பஸ் புடிச்சி வந்து பாக்கறாங்க. நம்ம செவுரு பாரு, போன வருசம் பூசினது."

மனு எழுதுவது என்று முடிவானது. வாசகர் வட்டம் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. தலைவர் நசீர் பாய். எழுதுகிறவள் நான். வெறும் கையெழுத்து வேண்டாம் என்றவர் அக்கா. "கையெழுத்துன்னா ஆளு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு ஒரு வரி எழுத சொல்லு. இந்த எடம் எதுக்குன்னு."

நாற்பது பேர் எழுதினார்கள். சில வரிகள் எனக்கு மனப்பாடம்.

கம்பெனிக்குப் போகும் பெண் ஒருத்தி: நைட் ஷிப்ட் வேன் வரும்வரை இருபது நிமிடம், அது மட்டும் என்னுடையது.

அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்: மூன்று முறை தோற்றேன், மூன்று முறையும் இங்கேதான் திரும்பி வந்தேன்.

நசீர் பாய்: பக்கத்துக் கடை வியாபாரத்துக்கும் நல்லது. இதை அடித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். உண்மைதானே, இருக்கட்டும் என்றார் அக்கா.

பவுனம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது: எனக்குப் படிக்கத் தெரியாது, உட்காரத் தெரியும். கீழே கைரேகை.

நாற்பத்தொன்று என்று எண் போட்டு, அக்காவிடம் தாளை நீட்டினேன். எனக்கும் அவர் பழக்கம் ஒட்டியிருந்தது. கையில்தான் நீட்டினேன்.

வாங்கவில்லை.

"வாணாம் எம்.ஏ. நான் இங்க வேலைல கீறவ. நானே மனு போட்டன்னு தெரிஞ்சா வேலை பூடும். வேலை பூட்டா யாரு தொறப்பா?"

"அப்ப இந்த எண்ண அடிச்சிடவா?"

கொஞ்சம் யோசித்தார். "அடிக்காத. அது அப்டியே கீட்டும். கட்டடம் வந்து, வேலையும் நிரந்தரம் ஆச்சின்னா அன்னிக்கு எழுதறேன். நல்ல பேனா எட்துகினு வா."

தலைப்பு நான் வைத்தேன். நூலக வரி: எங்கள் நாற்பது வரிகள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. நாம் கட்டுகிற வரி. நாம் எழுதிய வரி. ஒரே சொல்லில் இரண்டும். பேருந்தில் காஞ்சிபுரம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகம், குறைதீர் நாள். அக்கா என் துணைக்கு என்று வந்தார். நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், "அங்க வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார். நான் வைத்துவிட்டேன்.

அக்கா என்னைத் தாண்டி முன்னால் போனார். வைத்ததை எடுத்தார். அந்த அலுவலரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கையில வாங்குங்க சார்."

அவர் நிமிர்ந்தார். "எங்க வெச்சா என்னம்மா? எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும்."

"போவட்டும் சார். நீங்க கையில வாங்குங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் வாங்கினார். புரட்டினார்.

"நாற்பத்தொன்னு காலியா இருக்கே?"

"வர வேண்டியவங்க கீறாங்க சார்."

"நீங்க யாரு?"

எனக்கு உயிர் போயிற்று. வேலையைச் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்ல மாட்டார். அக்கா நேராகப் பார்த்துச் சொன்னார்.

"வாசகி சார்."

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. நூலகத்தில் வைத்து நான்தான் உரக்கப் படித்தேன். பொருள்: நூலக வரி விலக்கு கோருதல். மனுதாரர்கள் கோரியுள்ளவாறு நூலக வரியிலிருந்து விலக்கு அளிக்க விதிகளில் இடமில்லை என்பது தெரிவிக்கப்படுகிறது.

தலைப்பை மட்டும் பார்த்து வரிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான்கு மாதம் அங்கே கிடந்திருக்கிறது. அந்த நான்கு மாதம் நான் வைத்த தலைப்பில் போனது.

முதலில் பேசியவர் பாய். "நாப்பது பேரும் சேந்து துட்டு கட்ட மாட்டோம்னு சொன்ன மாதிரி ஆயி பூட்சே. பேஜாரு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை. "நம்ம வரி நமக்கு வேணும்னு கேட்டா, வரியே வாணாம்னு கேட்டதா எழுதிட்டாங்களே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "உன் தமிழ் நல்லாத்தான் கீது எம்.ஏ. ஆனா ஆபீஸ்ல பொருள்னு போட்டா, அதுக்கு ஒரு பொருள்தான் இருக்கணும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் மனை விற்பவர் வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் நிலத்தை வாங்கி, கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தவர். கெட்டவர் இல்லை. நூலகத்துக்குள் வந்து கூரையைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"நானே கட்டித் தரேன்மா. டைல்ஸ் போட்டு. வெளிய நம்ம நகர் பேர்ல ஒரு போர்டு. அவ்ளோதான்."

"போர்டு எவ்ளோ பெருசு சார்?" என்றார் அக்கா.

"வாசல் அகலத்துக்கு."

"புக்கு எடுக்க வர்றவங்க மனை எடுத்துகினு பூடுவாங்களே சார்."

அவரும் சிரித்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று போனார். அன்று நாங்கள் மூன்று பேரும் பேசினோம். எங்கள் இஷ்டம் என்பதுபோல பாய் இருந்தார். நான் ஒத்துக்கொள்ளலாம் என்றேன். மழை வருகிறது. புத்தகம் நனைகிறது. நான் செய்த தவறைச் சீக்கிரம் மூடிவிட வேண்டும் என்பதும் உள்ளே இருந்தது. அதை அன்று நான் அறியவில்லை.

அக்கா மறுத்தார்.

"அவரு நல்ல மனுசன். அவரு குடுத்தா நாம நன்றி சொல்லணும். வருசா வருசம் சொல்லிகினே இருக்கணும். நாளைக்கு ஃபேன் ஓடலன்னா அவராண்ட போய் கேக்க முடியுமா? வரியில வந்தா நன்றி சொல்ல வாணாம். ஏன் லேட்டுன்னு சண்ட போடலாம்."

"நன்றி சொன்னா வாய் வலிக்குமா அக்கா?"

"வலிக்காது. பழகிடும். அதான் பயம்."

"உங்க பிடிவாதத்துல புத்தகம்தான் நனையுது" என்றேன். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு சனிக்கிழமை நூலகத்துக்குப் போகவில்லை.

அவர் சொன்னதுதான் சரியா? எனக்கு இன்றும் தெரியவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் இந்நேரம் டைல்ஸ் தரையில் பவுனம்மா உட்கார்ந்திருப்பார். ரசீது எதற்கு என்று ஒரு நாள் யாரோ அவரிடம் கேட்டிருப்பார்கள். அக்காவுக்கு அந்தக் கேள்வி முன்கூட்டியே கேட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்க மட்டுமே முடிகிறது.

மூன்றாவது சனிக்கிழமை போனேன். அலமாரிகளின் மேல் பிளெக்ஸ் போர்த்தியிருந்தது. ஊரில் கட்டிக் கழற்றிய பழைய பிளெக்ஸ் பேனர்கள். வரலாற்று நூல்களின் மேல் ஒரு கல்யாண ஜோடி. சிறுவர் நூல்களின் மேல் காது குத்தும் குழந்தை. மழைத் தண்ணீர் மணப்பெண்ணின் நெற்றியில் சொட்டி வழிந்துகொண்டிருந்தது. அக்கா ஒன்றும் நடக்காததுபோல, "வா எம்.ஏ. பேப்பர் எடு, பேனா எடு" என்றார்.

இரண்டாவது மனுவை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பொருள்: நூலகக் கட்டடம் கட்ட அரசு நிதி ஒதுக்கக் கோருதல், தொடர்பாக. ஒரே ஒரு பொருள். இணைப்பு: நாற்பது வரிகள். நாற்பத்தொன்று மறுபடியும் காலி.

அதைக் கொடுக்கவும் சேர்ந்துதான் போனோம். அலுவலகத்தின் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. என்ன அக்கா என்றேன்.

"ஒண்ணுல்ல. காலைல நாஷ்டா பண்ணல. அதான்."

கீழே இறங்கி இட்லி வாங்கி வந்தேன். இரண்டு சாப்பிட்டார். இப்போ சரியா பூட்சி என்றார். நான் நம்பினேன். படிப்பதையெல்லாம் சந்தேகப்படக் கற்றுக்கொண்டு வந்தவள். அந்த நாஷ்டாவை நம்பினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னது:

"இனிமே பரிசீலனைனு ஒரு லெட்டர் வரும். வந்தா மூஞ்ச தூக்கி வெச்சிக்காத. பரிசீலனைல கீதுன்னா இன்னும் சாவலன்னு அர்த்தம்."

பத்தொன்பது நாள் கழித்துப் பாய் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. காலனித் தெருவில் ஷாமியானா. அதற்கடியில் எட்டு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு நெயில் பாலிஷில் நூலகம் என்று எழுதியிருக்கும். அக்கா எழுதியது. காணாமல் போகாமல் இருக்க. வந்தவர்கள் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் அவர் கையெழுத்து.

ஊர்ப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். சிலர் தெருமுனையோடு நின்றார்கள். சிலர் உள்ளே வந்தார்கள். பரீட்சை கைட் வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது.

பவுனம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பாய் இழுத்துப் போட்டார்.

"குந்து பவுனம்மா. எவ்ளோ நேரம் நின்னுகினு கீற."

"வாணாம் பாய்."

"குந்தும்மா."

"அந்தப் பொண்ணு இல்லாத எடத்துல எப்டி பாய் குந்தறது."

கடைசிவரை உட்காரவில்லை. கையில் பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே ரசீது. எந்த வழக்கத்தில் எடுத்து வந்தாரோ. பாதிரியார் ஜெபம் முடித்ததும், கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கியபோது, அந்த உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

வாசகர் வட்டத்தின் சார்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடித்திருந்தோம். அடையாள அட்டையில் இருந்த படம்தான் கிடைத்தது. பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது. நூலக வாசலில் கட்டினோம். பதினைந்து நாள் இருந்தது. அடுத்த மழை வந்த அன்று பாய் ஏணி வைத்து அதைக் கழற்றினார். மடித்துக் கடைக்குள் வைப்பார் என்று நினைத்தேன். உள்ளே கொண்டுபோனார். ஓரத்து இரும்பு அலமாரிக்கு மேல்தான் பிளெக்ஸ் இல்லாமல் இருந்தது. அதன் மேல் விரித்தார். முகம் மேலே தெரியும்படி.

"தப்பா பாப்பா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அக்கா நனைந்துகொண்டிருந்தார். கீழே புத்தகங்கள் நனையவில்லை.

இப்போது நூலகத்தை யாரும் திறப்பதில்லை. மாற்று ஆள் போடப்படவில்லை. சாவி பாயிடம் இருக்கிறது. நான்கு மணிக்குப் பெண்கள் இரண்டு பேர் வந்து சுவர் நிழலில் நின்றுவிட்டுப் போகிறார்கள் என்றார். முன்பு நின்ற அதே இடத்தில். வெளியே.

சென்ற வாரம் கடிதம் வந்தது. நசீர் பாய் கடையில் வைத்துப் பிரித்தேன்.

"இன்னா போட்டு கீது?"

"கட்டட நிதி கோரும் கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளதுன்னு."

பாய் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை, சாகவில்லை என்ற சொல்லை, எப்படி வாயில் எடுப்பது.

இதைப் படிக்கிற நீங்கள் அவரைத் தெரிந்தவர்கள். உங்களிடம் அவர் கொடுத்த புத்தகம் ஏதாவது திருப்பித் தராமல் இருக்கலாம். கட்டடம் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். வரும்வரை கேட்டுக்கொண்டும் இருங்கள். நன்றி சொல்லத் தேவையில்லாத குரலில் கேளுங்கள். மனுவை மேசையில் வைக்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது மனுவின் நகல். நாற்பது வரிகள், பிறகு ஓர் எண். அவருக்குப் பதிலாக நானே ஏதாவது எழுதி நிரப்பலாமா என்று பல முறை பேனாவை எடுத்தேன். நல்ல பேனாதான். அவர் கேட்ட மாதிரி வாங்கி வைத்திருந்தது. எழுத வரவில்லை. என் வரிக்கு எப்போதும் இரண்டு பொருள் வந்துவிடுகிறது. அவர் வரிக்கு ஒன்றுதான் இருந்திருக்கும்.

கடைசியில், அந்த எண்ணுக்கு எதிரே, வீட்டு வரி கட்டாதவர் பெயருக்கு எதிரே பஞ்சாயத்தில் எழுதுவார்களே, அதை எழுதினேன். பென்சிலால். அழிக்க வேண்டிய நாள் வரும் என்று.

41. வரி பாக்கி.